அடித்தும் அசையாத இரும்பு: கம்மாலையில் பழக வருபவர்களின் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழியும்

கம்மாலைக்கு, அதாவது கொல்லரின் பட்டறைக்கு, முதன்முதலில் பழக வருபவர் தன் கையைத்தான் குறை சொல்வார். "அடிக்கப் பலம் போதவில்லை" என்பார். பிறகு சுத்தியலைக் குறை சொல்வார், அதன் பிறகு இரும்பை. உலையைக் குறை சொன்ன ஒருவரை நான் இன்னும் காணவில்லை. ஆனால் நான் திருத்திக்கொடுக்கும் பிழைகளில் பெரும்பாலானவை உலைக்குள்தான் கிடக்கின்றன.

எனக்கு இது பரம்பரைத் தொழில் அல்ல. நாற்பது வயதுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு முதிய கொல்லரின் கம்மாலையில் கரி உடைத்துக் கொடுத்துப் பழகியவன் நான். இப்போது சனிக்கிழமைகளில் புதியவர்கள் வரும்போது ஐயாவுக்குக் கைத்துணையாக நிற்கிறேன். ஒரே கோளாறை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் நொந்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். அதன் கீழ் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும். அதைப் பார்த்து முடிக்காமல் கடைக்கு ஓட வேண்டாம்.

எதற்கும் முன்னர்: நிறம்

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் நான்கு நிறங்கள் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் மட்டும் தெரியும் கருஞ்சிவப்பில் இரும்பை அடிக்கவே கூடாது. செவ்வரத்தம்பூச் சிவப்பு ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ். அந்த நிறத்துக்கு இறங்கியதும் இரும்பைத் திருப்பி உலைக்குள் வைக்க வேண்டும். பனங்களி நிறம், அதாவது செம்மஞ்சள், 1000 பாகையை ஒட்டியது, அடிக்க வேண்டிய பதம் இதுதான். பழுத்த தேசிக்காயின் மஞ்சள் 1100 பாகைக்கு மேல். சாதாரண இரும்பு அதைத் தாங்கும், லொறி வில்லுத் தகடு தாங்காது. மஞ்சளைத் தாண்டி வெள்ளைக்குப் போனால் இரும்பு எரியத் தொடங்கும்.

இந்த நிறங்களை நிழலில் நின்று பார்க்க வேண்டும். நமது வெயிலில் பனங்களி நிறமும் கருஞ்சிவப்பாகவே தெரியும். முற்றத்தில் உலை வைத்துப் பழகுபவர்கள் இரும்பை எரித்துவிடுவதற்கு முதற்காரணம் சூரியன்.

அறிகுறி: அடிக்கிறேன், இரும்பு அசையவில்லை

உலையிலிருந்து எடுத்த கணத்தில் என்ன நிறம்? செவ்வரத்தம்பூ என்றால் இங்கே நிற்க வேண்டாம், அடுத்த தலைப்புக்குப் போங்கள். பனங்களி நிறத்தில் எடுத்தும் அசையவில்லை என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

எடுத்ததிலிருந்து முதல் அடி விழும்வரை எத்தனை வினாடி போகிறது என்று பக்கத்தில் நிற்பவரை எண்ணச் சொல்லுங்கள். சுண்டுவிரல் தடிப்புள்ள கம்பி பத்துப் பதினைந்து வினாடிகளில் பதம் இழந்துவிடும். புதியவர்கள் அதில் பாதியைக் குறட்டைச் சரிசெய்வதிலும் எங்கே அடிப்பது என்று யோசிப்பதிலும் செலவழித்துவிடுகிறார்கள். கம்பி உலைக்குள் இருக்கும்போதே யோசித்து முடித்துவிடுங்கள். சுத்தியல் கையில் இருக்கட்டும். பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்) உலையிலிருந்து ஓர் எட்டில் இருக்கட்டும். குளிர்ந்த பட்டடை முகம் கம்பியின் சூட்டை உறிஞ்சும் என்பதால், அடிக்காத வேளையில் கம்பியை அதன்மேல் கிடத்தி வைக்கவும் கூடாது.

அதுவும் சரியென்றால் பட்டடையைப் பாருங்கள். சிறிய சுத்தியலை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் விழ விடுங்கள். துள்ளி எழும்பினால் நல்லது. சோர்ந்து விழுந்தால் உங்கள் பலத்தில் பாதியை அடிக்கட்டை விழுங்குகிறது என்று பொருள். இங்கே பலரும் செய்யும் பிழை, பனங்குற்றியில் பட்டடையை ஏற்றுவது. பனையின் வெளிச்சுற்று வைரம், உள்ளே சோறு. சில வாரங்களில் பட்டடை நடுவில் அமிழ்ந்து ஆடத் தொடங்கும். புளி அல்லது வேம்பின் அடிமரக் குற்றியை நிலத்தில் புதைத்து நிறுத்துங்கள். உயரமும் முக்கியம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி பிடித்தால், முட்டி பட்டடை முகத்தைத் தொட வேண்டும்.

தண்டவாளத் துண்டைப் பட்டடையாக வைத்திருப்பவர்கள் அதைப் படுக்க வைத்திருந்தால் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். படுத்த தண்டவாளத்தின் மெல்லிய இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் வில்லாக அதிரும். நிமிர்ந்து நிற்கும்போது அடிபடும் இடத்தின் கீழ் முழு நீளமும் இரும்பாக இருக்கும், முகம் சிறிதானாலும் அடி வீணாகாது. (போர்க்காலத்தில் தண்டவாளங்கள் பங்கர்களுக்குப் போனதை இந்தக் குடாநாட்டில் எல்லோரும் அறிவார்கள். இப்போது 2014 முதல் ரயில் மீண்டும் ஓடுகிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் யாராவது தண்டவாளத் துண்டு விற்றால் வாங்காதீர்கள்.)

கடைசியாகத்தான் சுத்தியல். 800 கிராமிலிருந்து ஒரு கிலோகிராம் வரை போதும். இரண்டு கிலோ சுத்தியலை வாங்கி வந்தவர்கள் அரை மணி நேரத்தில் அதைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பிடி ஆடினால் ஆப்பு இறுக்குங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒருநாள் வித்தை. மரம் காய்ந்ததும் தலை முன்பைவிடத் தளரும். பறக்கும் சுத்தியல் தலை யாருடைய நெற்றியையும் பார்த்துப் போவதில்லை.

ஐயாவைக் கூப்பிடும் இடம்: சுத்தியல் முகத்திலோ பட்டடை விளிம்பிலோ மயிர் வெடிப்புத் தெரிந்தால் அடிப்பதை நிறுத்துங்கள். அங்கிருந்து தெறிக்கும் உருக்குச் சில்லு சட்டையையும் தோலையும் துளைக்கும். விளிம்பைச் சாணைக்கல்லில் உருட்டி எடுப்பது தெரிந்தவர் வேலை.

அறிகுறி: ஊதி ஊதிக் கை நொந்தும் உலை ஏறவில்லை

கரியைக் கையில் எடுத்து முறித்துப் பாருங்கள். காய்ந்த கரி கண்ணாடிபோல் "கிணுக்" என்று முறியும். ஈரக்கரி மந்தமாக முறிந்து விரலில் அப்பும். மாரிகாலத்தில், ஐப்பசி கார்த்திகையில், வரும் கோளாறுகளுக்கு முதல் விடை இது. சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அன்றைக்கு வேண்டிய கரியை உலையின் ஓரத்தில் பரப்பினால் அதன் சூட்டிலேயே காயும்.

பிறகு துண்டின் அளவு. பாக்கு அளவுக்கும் தேசிக்காய் அளவுக்கும் இடையில் உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளுக்கு இடையில் காற்று நேராக ஓடிவிடும், தூளோ காற்று வழியை அடைத்துவிடும். சிரட்டைக்கரி நன்றாகச் சூடு கொடுக்கும், ஆனால் மெல்லியது. பலமாக ஊதினால் பொறியாகப் பறந்துவிடும். விறகுக்கரியோடு பாதிப் பாதி கலந்தால் நிற்கும்.

கரி சரியா? அப்படியானால் இரும்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். காற்று வரும் வாய்க்கு மேல் நான்கைந்து அங்குலம் எரியும் கரி, அதற்கு மேல் இரும்பு, அதற்கு மேல் மூடுகிற கரி. இதுதான் படுக்கை. புதியவர்கள் இரும்பைக் காற்றுவாயின் அருகே செருகுவார்கள். அங்கே காற்று குளிர்ந்தும் ஒட்சிசன் நிறைந்தும் இருக்கிறது. இரும்பு சூடேறாமல் செதில் செதிலாகக் கருகிக் கொட்டும். அல்லது கரியின் மேல் வைத்துவிட்டு நிறம் வரவில்லை என்பார்கள். அடுப்பின் மேல் அப்பளம் சுடுவது வேறு, இது வேறு.

அரை நாள் நன்றாக எரிந்த உலை பிறகு மந்தமானால், தீயைக் கிளறி அடியில் பாருங்கள். மண்மூடிச் சுட்ட கரியில் ஒட்டியிருக்கும் மண் உருகிக் கண்ணாடிக் கட்டியாகக் காற்றுவாயை அடைத்திருக்கும். கம்பியால் தூக்கி எறியுங்கள். அதைத் தண்ணீருக்குள் போட வேண்டாம், வெடித்துத் தெறிக்கும்.

வைகாசி முதல் சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கோளாறு தலைகீழாக வரும். தீ ஒரு பக்கம் சாய்ந்து எரியும், பொறி ஒழுங்கை வரை போகும். மேற்குப் பக்கம் தகரம் மறையுங்கள். கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ கிடுகு வேலி ஓரத்திலோ உலை வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை வாசிப்பதை விட்டுவிட்டு முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்தான் துருத்தி. ஊதும்போது காற்றுக்குழாயின் பொருத்துகளில் கையை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பொருத்தில் காற்றுக் கசியும். ஈரக் களிமண் அப்பினால் போதும். மின்விசிறி ஊதி வாங்குவது கடைசிப் படி. அதை வாங்கினாலும் காற்றைக் குறைக்க ஒரு அடைப்பு வையுங்கள், இல்லாவிட்டால் கரிச்செலவு கம்பிச்செலவைத் தாண்டிவிடும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத குடாநாட்டில் முழு ஊரின் மண்வெட்டிகளையும் கையால் ஊதிய காற்றில்தான் அடித்தார்கள்.

அறிகுறி: உலையின் கரை பொரிந்து கொட்டுகிறது, கல் வெடிக்கிறது

இது நமது ஊருக்கென்றே உள்ள கோளாறு. வீட்டில் பழக ஆசைப்பட்டுக் காணியில் கிடக்கும் கற்களை அடுக்கி உலை கட்டுகிறார்கள். அந்தக் கல் சுண்ணக்கல். கம்மாலைச் சூட்டில் அது நீற்றுக்கல்லாகிவிடும். நம் முன்னோர் சூளையில் சுண்ணாம்பு சுட்டது இதே முறையில்தான். இரண்டு மூன்று நாள் எரித்த பின் கரை மாவாக உதிரும். அதன்மேல் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும், கண்ணில் பட்டால் கண்ணைப் பொசுக்கும். சீமெந்துக் கல்லும் உதவாது, உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி வெடிக்கும்.

திருத்த வழி கிடையாது, கலைத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். செங்கல் அடுக்கி, குளத்துக் களிமண்ணையும் மணலையும் பிசைந்து உட்புறம் இரண்டு அங்குலம் பூசி, ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, முதல் நாள் சிறு தீ மட்டும் மூட்டுங்கள். வெடிப்பு வரும், வெடிப்பில் மீண்டும் களிமண் அப்புங்கள்.

அறிகுறி: கம்பி நுனியில் பூத்திரிபோலப் பொறி பறக்கிறது

எரிந்துவிட்டது. அந்த நுனியை வெட்டி எறியுங்கள். அடித்துச் சரிக்கட்டப் பார்க்கும் ஒவ்வொருவரும் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் பொருமிப்போன இரும்பைக் கண்டு வெட்டித்தான் எறிகிறார்கள். காரணம் எப்போதும் ஒன்று: உலைக்குள் கம்பியை வைத்துவிட்டுக் கதை பேசியது. கம்பி உள்ளே இருந்தால் கண் அங்கே இருக்க வேண்டும். தேநீர் வந்தால் முதலில் கம்பியை வெளியே எடுங்கள்.

அறிகுறி: அடிக்கும்போது இரும்பு வெடிக்கிறது, பிளக்கிறது

வெடிப்பு எங்கே இருக்கிறது?

நுனியில் மீன்வாய்போல் திறந்திருந்தால், கூராக்கும்போது வெளிப்புறம் மட்டும் நீண்டு நடு பின்தங்கியிருக்கிறது. தொடக்கத்தில் நுனியை மட்டும் அதிகச் சாய்வில் அடித்துக் கட்டையாகக் கூராக்குங்கள், பிறகு நீட்டுங்கள். ஏற்கெனவே திறந்துவிட்டால் உளியால் வெட்டிவிடுங்கள்.

பக்கத்தில் மடிந்த கோடுபோல இருந்தால் அது மடிப்பு. இரும்பு தன்மேல் தானே கவிழ்ந்திருக்கிறது. அடித்தால் ஒட்டாது, உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கண்ட உடனே அரத்தால் அராவி எடுங்கள்.

குறுக்கே ஓடினால் குளிர்ந்த பின்னும் அடித்திருக்கிறீர்கள். வில்லுத் தகட்டில் இது கட்டாயம் நடக்கும். செவ்வரத்தம்பூ நிறத்துக்குக் கீழ் ஓர் அடியும் வேண்டாம், கடைசி "அழகுபடுத்தும்" அடிகளும் வேண்டாம். இன்னொரு காரணம், சூடாக இருக்கும்போதே "ஆறட்டும்" என்று தொட்டித் தண்ணீரில் தோய்ப்பது. சாதாரண இரும்பு பொறுக்கும். வில்லு உருக்கு உள்ளே விறைத்து, அடுத்த அடியில் பிளக்கும். அதைக் காற்றில் ஆறவிடுங்கள்.

சூடும் சரி, கையும் சரி, இன்னும் வெடிக்கிறது என்றால் இரும்பே பழுது. லொறியின் கீழ் பல வருடம் வளைந்து நிமிர்ந்த வில்லில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். வெட்டுமுகத்தை அராவிப் பாருங்கள், கருங்கோடு தெரிந்தால் அந்தத் துண்டை விடுங்கள். கட்டடத்துக்குப் பாவிக்கும் முறுக்குக் கம்பியிலும் கலப்பு நிச்சயமில்லை. முதல் மூன்று மாதம் இரும்புக் கடையில் விற்கும் 10 அல்லது 12 மில்லிமீற்றர் வழுவழுப்பான கம்பியையே வாங்குங்கள். கொக்கி, ஆணி, அடுப்புக் கிளறி ஆகியவற்றுக்கு அது போதும்.

அறிகுறி: சதுரமாக அடிக்கப் போனேன், சாய்சதுரம் ஆகிவிட்டது

கம்பியைத் திருப்பும்போது முழுக் காற்பங்கு திரும்பவில்லை. திரும்பச் சூடாக்கி, கூரான இரண்டு மூலைகள் மேலும் கீழும் இருக்க நிறுத்தி, மெதுவாக அடியுங்கள். மூலை அமுங்கியதும் தட்டைப் பக்கங்களை அடியுங்கள். தட்டையாகக் கிடத்தி அடித்துத் திருத்தப் பார்த்தால் இன்னும் சாயும்.

அறிகுறி: குறட்டிலிருந்து நழுவுகிறது

உங்கள் பிடியில் பிழை இல்லை. குறட்டின் வாய் கம்பிக்குப் பொருந்தவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு தாடையும் கம்பியை முழு நீளத்தில் தொட வேண்டும், நுனியில் மட்டுமோ அடியில் மட்டுமோ தொட்டால் கம்பி சுழலும். வாயைச் சிவக்கக் காய்ச்சி, அந்தக் கம்பியையே நடுவில் வைத்து அடித்து அமைத்துக்கொள்ளலாம். முதல் தடவை ஐயாவின் முன் செய்யுங்கள். வேறு வழி: ஒன்றரை முழக் கம்பியாகவே எடுத்து, குறடு இல்லாமல் கையால் பிடித்து, வேலை முடிந்த பின் வெட்டுங்கள். முதல் மாதத்துக்கு இதுவே நல்லது.

விழும் கம்பியைப் பிடிக்கப் போகாதீர்கள். அது விழட்டும். கறுத்துக் கிடக்கும் கம்பியும் கையைப் பொசுக்கும், தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். பருத்திச் சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி. ஐயா சாரத்தோடும் வெறுங்காலோடும் நிற்பதைப் பார்த்து நீங்களும் நிற்க வேண்டாம். அவருக்கு ஐம்பது வருடக் கால் இருக்கிறது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசையும் எண்ணெயும் பூச வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிதானாலோ தோல் வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனாலோ 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். கண்ணில் செதில் விழுந்தால் கசக்காமல் கழுவுங்கள், போகாவிட்டால் அன்றே கண் வைத்தியரிடம் போங்கள்.

அறிகுறி: கத்தி அடித்தேன், தோய்ச்சல் பிடிக்கவில்லை

தோய்ச்சல் என்பது சிவக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது. அது பிடித்ததா என்று அறிய அலகில் அரத்தை ஓட்டுங்கள்.

*அரம் கடிக்கிறது, அலகு மென்மை.* முதலில் அதே இடத்தில் இன்னும் நாலு தடவை அராவுங்கள். உலைச் சூட்டில் மேல்தோலில், உருக்குக்குக் கடினம் தரும் கரிச்சத்து (காபன்) போய் அது மட்டும் மென்மையாகியிருக்கும், உள்ளே கடினம் இருக்கலாம். உள்ளேயும் மென்மை என்றால் சூடு போதவில்லை. காந்தத்தால் பாருங்கள். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்தை விட்டுவிடும், அதற்குச் சற்று மேல் சூடேற்றித் தோய்க்க வேண்டும். சூடும் சரியென்றால் எண்ணெயைப் பாருங்கள். குளிர்ந்த எண்ணெய் தடித்து மெதுவாகவே சூட்டை இழுக்கும். 50, 60 பாகைக்குச் சூடாக்கிய தேங்காய் எண்ணெயில் நான்கைந்து லீற்றராவது இருக்கட்டும். தீப்பிடித்தால் மூட இரும்பு மூடி பக்கத்தில் இருக்கட்டும். பழைய இயந்திர எண்ணெய் வேண்டாம், அதன் புகை நஞ்சு. எல்லாம் சரியென்றும் மென்மை என்றால் அந்த இரும்பில் கரிச்சத்தே இல்லை. இதை அடிப்பதற்கு முன்னரே அறியலாம்: சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, துணியால் மூடிச் சுத்தியலால் அடியுங்கள். முறிந்தால் உருக்கு, வளைந்தால் கம்பி.

*அரம் வழுக்குகிறது, ஆனால் அலகு சில்லாக உடைகிறது.* தோய்ச்சலுக்குப் பின் மெதுவாக இளக்கவில்லை. மினுக்கிய அலகில் வைக்கோல் நிறம் வரும்வரை சூடாக்க வேண்டும். வீட்டு ஓவன் என்றால் 200 பாகையில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு தடவை. சமையல் கத்திக்கு இது சரி. கலட்டு நிலத்தில் கல்லில் அடிபடும் மண்வெட்டிக்குப் பழுப்பும் ஊதாவுமாக வரும்வரை இளக்குங்கள். மழுங்கினால் தீட்டலாம், உடைந்தால் என்ன செய்வது?

*வளைந்துவிட்டது.* எண்ணெய்க்குள் சரித்து விட்டிருப்பீர்கள். நுனி கீழே, நேராக, பக்கவாட்டில் அசைக்காமல் இறக்குங்கள். திரும்பத் தோய்ப்பதற்கு முன் மூன்று தடவை காந்தம் விடும் சூட்டுக்கு ஏற்றிக் காற்றில் ஆறவிடுங்கள், அடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் விடும்.

*"டிங்" என்று சத்தம் கேட்டது.* வெடிப்பு. அந்தக் கத்தி முடிந்தது. தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ வில்லு உருக்கைத் தோய்த்தால் இந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும்.

இரண்டு பொருட்களைப் புதியவர் தொடவே கூடாது என்பது என் பிடிவாதம். ஒன்று, சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தி: அது பனையின் உச்சியில் ஒரே வீச்சில் வேலை செய்ய வேண்டியது. மற்றது, பாரம் தூக்கும் கொக்கி, கிணற்றுக் கப்பிக் கொக்கி உட்பட. உறவினர் கேட்டாலும் ஐயாவிடம் அனுப்பிவிடுங்கள். தேய்ந்த மண்வெட்டிக்கு உருக்கு அலகு ஒட்டுவதும் அப்படியே. வெண்காரம் தூவி இரண்டையும் ஒரே பதத்துக்கு ஏற்றி ஒட்டும் அந்தக் கணத்தைப் பிடிக்க வருடங்கள் வேண்டும்.

அறிகுறி: முழங்கை நோவு, விரல் விறைப்பு

குளிர்ந்த இரும்பை அடிக்கிறீர்களா? மீண்டும் மேலே போங்கள். சுத்தியலை இறுக்கிப் பிடிக்கிறீர்களா? அது விழும்போது விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். பட்டடை தாழ்வா? பிடி தடிப்பா? நான்கையும் திருத்தி இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் நோவு நின்றால், அல்லது இரவில் விரல் மரத்து எழுப்பினால், வைத்தியரிடம் காட்டுங்கள். நோவெண்ணெய் போட்டுக்கொண்டு சனிக்கிழமைக்கு வராதீர்கள்.

அறிகுறி: இரவில் குளிர் காய்ச்சல், வாயில் உலோகச் சுவை

அன்று நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயையோ ஆணியையோ உலையில் வைத்திருக்கிறீர்கள். வெண்புகை வந்திருக்கும். பொதுவாக ஓரிரு நாளில் தணியும், ஆனால் மூச்சு முட்டினால் காத்திருக்க வேண்டாம். பூச்சுள்ள இரும்பு எதையும் தீயில் வைக்காதீர்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே தலையிடி, குமட்டல், சோர்வு என்றால் அது வேறு: கரிப்புகை. வெளியே வாருங்கள், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு. கதவு சாத்திய அறையில் கரி உலை வைப்பது உயிரோடு விளையாடுவது.

அறிகுறி: போன கிழமை மினுங்கிய கொக்கி இன்று துரு

கடற்காற்று. வேலை முடிந்ததும், கையில் பிடிக்க முடியாத ஆனால் நிறம் முற்றாகப் போன சூட்டில், தேன்மெழுகைத் தேய்த்து ஓடவிடுங்கள், கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். உணவு வெட்டும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பட்டடை முகத்துக்கும் ஒரு கை எண்ணெய் தடவிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த சனிக்கிழமை முதலில் வருபவர் அதைத் துடைப்பார்.